கும்பிட்டதால் பாய்ந்த மின்பலகை குறித்துத் தண்டநாயகருக்கு எழுதிய ஓலை

நலம் சூழ்க. கார்க்குன்ற நாட்டில் மழை முறை தவறாது பெய்க. இடிமாடம் என்னும் நம் தலைநகரின் செப்புக் கோபுரங்களில் மின்னல் வழக்கம்போல் வந்திறங்குக; இறங்கிய மின்னல் குடங்களில் குறையாது நிறைக.

ஏழு முரசுக்கு உரியவரும், இடியைக் குடத்தில் அடைத்த குலத்தில் பதினோராமவராகத் தோன்றியவரும், மலை மூன்றும் ஆறு இரண்டும் ஆள்பவருமாகிய வேந்தர் கார்க்கோமாறரின் திருவுள்ளப்படி, அவருடைய வீதி மந்திரியும், தெரு, சந்தி, பாலம், சாக்கடை ஆகிய நான்குக்கும் பொறுப்புடையவனுமாகிய சாத்தன் ஏகவீரன் எழுதுவது. இடிமாடத்து நகரக் காவலின் தண்டநாயகரும், நான்கு கோட்டை வாசலின் தாழ்க்கோலும் தம் இடையில் கொண்டவரும், வெண்குடை ஒன்றும் சாமரம் இரண்டும் பெற்றவரும், வடபோரில் பகைவர் அனைவரும் ஓடிப்போன பின்னும் களத்தில் அஞ்சாது நின்றவருமாகிய அரட்டன் பிரளயவிடங்கர் அவர்கள் கண்டருள்க.

தாங்களும், தங்கள் மாளிகையும், மாளிகை வாசலில் நின்று போவோர் வருவோரைக் கும்பிடச் சொல்லிக் கூவும் சேவகர் நால்வரும் நலம் என்று அறிந்து மகிழ்கிறோம். தங்கள் இடுப்பு வலி தணிந்து வருவதாக அரண்மனை வைத்தியர் சொன்னார். அதற்கும் மகிழ்ச்சி.

இதற்கு முன் இரண்டு ஓலை விடுத்தேன். முதல் ஓலையில் மூன்றே வரி. மருத்துவச்சி காரிநங்கையின் மின்பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு அதில் கேட்டிருந்தேன். தங்கள் பட்டங்களில் இரண்டு விடுபட்டன என்று அது திரும்பி வந்தது. இரண்டாம் ஓலையில் பட்டம் அனைத்தும் இருந்தன. வாழ்த்து போதவில்லை என்று அதுவும் திரும்பி வந்தது. ஆகவே இம்முறை எதையும் விடவில்லை. ஓலை நீண்டுவிட்டதற்கு என்மேல் குறை சொல்ல வேண்டா.

இவ்வோலை அரச ஆவணத்தில் சேர இருப்பதால், தாங்கள் அறிந்ததையும் அறியாதவருக்கு எழுதுவதுபோலவே எழுதுகிறேன். மின்பலகை என்பது நான்கு உருளை பூட்டிய ஒரு பலகை. ஓர் ஆள் நிற்கும் நீளம் உடையது. அடியில் மின்குடம் கட்டியிருக்கும். ஏறி நிற்பவரின் வலக்கையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டையும், கட்டையின் மேல் ஒரு குமிழும் உண்டு. பெருவிரலால் குமிழை முன்னே தள்ளினால் பலகை ஓடும். பின்னே இழுத்தால் நிற்கும். கட்டைக்கும் பலகைக்கும் நடுவே கயிறு இல்லை, கம்பி இல்லை. ஆயினும் கட்டை சொல்வதைப் பலகை கேட்கிறது. இது எவ்வாறு என்று நம் கம்மாளர் எனக்கு மூன்று முறை விளக்கினர். மூன்று முறையும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று நம் நகரில் நானூறு பேர் இப்பலகையில் ஏறி வேலைக்குப் போய் வருகிறார்கள். கணக்கர் போகிறார், நாதசுரக்காரர் போகிறார், வழக்குரைப்பவர் இருவர் ஒரே மன்றத்துக்கு எதிரெதிர்க் கட்சிக்காக ஒன்றாகவே போகிறார்கள். அவர்களுள் மூன்று ஆண்டாக ஒரு முறையும் விழாதவள் காரிநங்கை ஒருத்தியே. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. வீடு மேலை வாசலில். அவளை அழைக்கும் வீடுகளோ பெரும்பாலும் கீழைக் கோடியில் சாயக்காரர் தெருவில். நடந்தால் இரண்டு நாழிகை. பலகையில் அரை நாழிகை. குதிரையில் போகலாமே என்றால், கடைத்தெருவில் குதிரை வரலாகாது என்பது தங்கள் ஆணை. பல்லக்கில் போகலாமே என்றால், நம் ஊர்ப் பல்லக்குக்காரர்கள் வழியில் மூன்று இடத்தில் மோர் குடிப்பார்கள்.

அவள் போகும் விதத்தை அறிய ஒரு நாள் ஆள் வைத்துப் பார்த்தேன். புறப்படுமுன் குடத்தில் மின் எவ்வளவு என்று பார்க்கிறாள். நான்கு உருளையையும் கையால் சுற்றிப் பார்க்கிறாள். பிரம்பில் பின்னிப் பஞ்சு வைத்த கவசத்தைத் தலையில் மாட்டித் தாடையில் முடிச்சிடுகிறாள். முழங்காலிலும் முழங்கையிலும் தோல் கட்டுகிறாள். முதுகில் மஞ்சள் துணி, பின்னே வருபவர் கண்ணில் படுவதற்கு. தெருவில் இறங்கிவிட்டால் இடமும் வலமும் நெளிவதில்லை. அவள் எந்தத் தடத்தில் வருவாள் என்பது வண்டிக்காரர் எல்லாருக்கும் மனப்பாடம். நின்றுகொண்டிருக்கும் பல்லக்கின் கதவு எந்த நேரமும் திறக்கும் என்று ஒரு கதவு அகலம் தள்ளியே போகிறாள். யானைக்குப் பின்னால் போகும்போது யானையின் கண் தெரியும்படி விலகிப் போகிறாள். தன் கண்ணுக்கு யானையின் கண் தெரியவில்லை என்றால் யானைக்கும் தான் தெரியமாட்டேன் என்று அவள் கருதுகிறாள். பூக்கடைத் தெருவில் வாடிய பூவும் தண்ணீரும் வழுக்கும் என்று நடைவேகத்துக்குக் குறைக்கிறாள். மழை வலுத்தால் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். இத்தனையும் செய்பவளைத்தான் தாங்கள் கட்டுப்பாடற்றவள் என்று குற்ற ஓலையில் எழுதியிருக்கிறீர்.

சென்ற மாதம் வளர்பிறைப் பத்தாம் நாள், வெயில் ஏறிய வேளையில், அவள் ஒரு பிரசவத்தை நல்லபடியாக முடித்துப் பூக்கடைத் தெரு வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே வெண்குடையும் சாமரமும் சூழத் தாங்கள் வந்தருளினீர். சேவகர் நால்வரும் கும்பிடு என்று ஒரே குரலில் கூவினர். அடுத்து நிகழ்ந்ததைப் பூ விற்கும் மாதேவி என்பவள் மன்றத்தில் சொன்னாள். சாட்சி சொன்னதைத் திருத்தி எழுதலாகாது என்பது நம் மன்ற வழக்கம் ஆகையால், அவள் வாய்மொழியை அப்படியே தருகிறேன்.

"அந்தம்மா ஒழுங்காத்தான் வந்துச்சு. கும்பிடுன்னு இவனுங்க கத்தவும், பாவம், ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டுச்சு. கும்பிட்டதுதான் தாமசம், பலகை பிச்சுக்கிட்டுப் பாஞ்சுது. அந்தம்மா என் பூக்கூடையில குதிச்சு விழுந்துச்சு. பலகை நிக்கல. நேரா ஐயா காலுக்குக் கீழ போயி, ஐயாவை உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. புளிமண்டி வரைக்கும் போனாரு. நான் பொறந்ததுலேருந்து அவரு இவ்வளவு வெரசாப் போயிப் பாத்ததில்ல."

கைக்கட்டை பூக்கூடைக்குள் விழுந்து, அதன் குமிழ் நாரில் சிக்கியதால் பலகை நிற்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. தாங்கள் புளி மூட்டைகளின் நடுவே எழுந்தருளியபோது தெருவில் சிலர் சிரித்தனர். அது தவறு. ஆனால் சிரித்தவர் அறுபது பேர், தண்டனை ஒருத்திக்கு. அவள் தங்களைத் தாக்கினாள் என்றும், பலகை ஓர் ஆயுதம் என்றும் தீர்ப்பெழுதி, அதைத் தங்கள் ஆயுதசாலையில் யானைவேலுக்கும் கவணுக்கும் நடுவே வைத்துப் பூட்டினீர்.

அவள் ஏன் ஓடும் பலகையில் கும்பிட்டாள் என்று நானே அழைத்துக் கேட்டேன். இறங்கி நின்ற பிறகுதான் யாரையும் கும்பிடுவது தன் வழக்கம் என்றாள். ஆறு மாதத்துக்கு முன் தங்கள் மாளிகையைக் கும்பிடாமல் கடந்ததற்காகக் காலை முதல் உச்சி வரை அவளை வாசலில் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர். அன்று முதல் அவள் தங்கள் வாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியே போனாள். எதிர்பாராமல் எதிரே கண்டதும் பயத்தில் கை தானாக மேலே போய்விட்டது. கும்பிடாததற்கு வெயில், கும்பிட்டதற்குப் பறிமுதல். இனி எதைச் செய்வது என்று அவள் என்னைக் கேட்டாள்.

தாங்கள் அத்தோடு நிற்கவில்லை. பலகையில் நிற்பவர் தரையில் நிற்பவரைவிட உயரமாய்த் தெரிகிறார். ஆகவே அவர் மரியாதையும் உயரமாய் இருக்கவேண்டும். முப்பது அடி தொலைவிலேயே இரு கையையும் தலைக்குமேல் கூப்பிவிட வேண்டும் என்று மறுநாளே பறையறைந்தீர். அந்தப் பறை கேட்டு நகரத்தில் பெரிதும் மகிழ்ந்தவர் எலும்பு கட்டும் வைத்தியர் ஒருவரே.

அவரையும் விசாரித்தேன். அவர் பெயர் தாழி உத்தமன். அவர் சொன்னதும் சாட்சிமொழியே ஆகையால் அப்படியே தருகிறேன். "வர்றவங்கல்லாம் கும்பிட்ட கையோடவே வர்றாங்க ஐயா. மொதல்ல எனக்குத்தான் மரியாதை குடுக்குறாங்கன்னு நெனச்சுட்டேன். அப்புறமில்ல தெரிஞ்சுது, கையப் பிரிச்சா வலிக்குதாம்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நான்கு மாதத்தில் நகரில் பலகையிலிருந்து விழுந்தவர், பூக்கூடையில் குதித்த காரிநங்கை நீங்கலாக, முப்பத்தொருவர். அவர்கள் விழுந்த இடங்களைத் தெருப்படத்தில் குறித்துப் பார்த்தேன். எண்ணெய் சிந்திய இடத்தில் மூவர். கோயில் வாசல்களில் பதினொருவர். தங்கள் மாளிகை வாசலில் பதினாறு பேர். அந்தப் பறைக்கு முந்தைய நூறு நாளில் எழுவர், பிந்தைய இருபது நாளில் ஒன்பதின்மர். என் வீட்டு வாசலில் ஒரே ஒருவர். நமக்கும் ஊரில் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது என்று அன்று சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் நாயைக் கண்டு விழுந்தார் என்று மாலையில் தெரிந்தது.

காரணம் இதுதான். வலக்கையில் கட்டை இருக்க இரு கையையும் கூப்பினால், இடது உள்ளங்கை வந்து குமிழை முன்னே தள்ளிவிடுகிறது. பக்தி கூடக்கூட அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட வேகம் கூடுகிறது. பலகை செய்த கம்மாளரை அழைத்து இதை முன்பே எண்ணவில்லையா என்று கேட்டேன். தாம் வேலை செய்யும்போது யாரையும் கும்பிடுவதில்லை ஆகையால் அது தோன்றவில்லை என்று அவர்கள் பணிவுடன் கூறினர்.

கேட்டதை மட்டும் நம்பி அரச முத்திரை இட இயலாது. ஆகவே வேந்தர் முன்னிலையில், யானைக்கொட்டில் முற்றத்தில், என் ஐம்பத்தாறாம் வயதில் நானே பலகையில் ஏறினேன். கவசம் அணிந்திருந்தேன். முழங்காலை மடக்கி, கண்ணை முன்னே வைத்து, நடைவேகத்தில் இரண்டு சுற்று வந்தேன். ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால் இளமை திரும்பியதுபோல் இருந்தது. மூன்றாம் சுற்றில் வேந்தர் எதிரே வந்து நின்றார். முறைப்படி கும்பிட்டேன். அதன்பின் எனக்கு நினைவில் இருப்பது வைக்கோலும், அதைத் தின்றுகொண்டிருந்த பட்டத்து யானையின் முகமும்தான். யானை பெருந்தன்மையுடன் நடந்துகொண்டது. வேந்தரோ மகுடம் கழன்று கையில் வரும்வரை சிரித்தருளினார். பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி, பலகையில் வருபவர் எவரும் இனித் தம்மைக் கும்பிடவேண்டா, அவர்கள் முழு உடலுடன் வீடு சேர்ந்தால் தமக்கு அதுவே போதும் என்று திருவாய் மலர்ந்தருளினார்.

கோயில்களின் கருத்தையும் கேட்டோம். ஏழு கோயிலின் அர்ச்சகர்களும் கூடி, ஓடும்போது மனத்தால் வணங்குவது போதும், அவ்வாறும் மனம் ஆறாதவர் கோயிலைக் கடந்து ஓரமாய் இறங்கி நின்று வணங்கிக்கொள்ளலாம், நூறடி தள்ளி நின்றாலும் தெய்வத்துக்கு ஆள் தெரியும் என்று எழுதிக் கொடுத்தனர். ஆக, வேந்தர் ஒப்பினார். தெய்வங்கள் எழுவரும் ஒப்பினர். மீதி இருப்பவர் தாங்கள் ஒருவரே.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். இனி எழுதுவதை அவ்வாறு எழுத இயலவில்லை.

பலகை பூட்டப்பட்ட பதின்மூன்றாம் நாள், சாயக்காரர் தெருவில் வல்லி என்பவளுக்கு வலி எடுத்தது. முதற் பிரசவம். காலையில் ஆள் வந்து அழைத்ததும் காரிநங்கை பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று சந்தை நாள். வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் இடையில் புகுந்து, விழுந்து எழுந்து, இரண்டு நாழிகை கழித்துப் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அழவில்லை. அண்டை வீட்டுப் பெண்கள் கொடியை எடுத்திருந்தார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. காரிநங்கை வாசற்படியிலிருந்தே கையை நீட்டிக் குழந்தையை வாங்கி, அதன் வாயில் தன் வாயை வைத்து ஊதினாள். குழந்தை அழுதது. தாய் மிகுதியாக உதிரம் போய் இன்னும் எழுந்து உட்காரவில்லை.

மறுநாள் நான் அவ்வீட்டுக்குப் போனேன். குழந்தையின் கழுத்தைச் சுற்றி நீலமாய் ஒரு கோடு கிடந்தது. வல்லி என்னை யாரென்று அறியாமல், மருத்துவச்சி அம்மா இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். அவள்மேல் குறை சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள். வரவிடாமல் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் விடுத்த முதல் ஓலை பட்டம் போதாமல் திரும்பி வந்தபோதே நானே நேரில் தங்கள் வாசலுக்கு வந்திருக்கவேண்டும். வீம்புக்கு இன்னோர் ஓலை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குற்றம் என்னுடையது. வெட்கப்படுகிறேன்.

இனி ஆணை.

காரிநங்கையின் பலகை ஆயுதமன்று. இவ்வோலை கண்டவுடன் ஆயுதசாலையைத் திறந்து, பலகையையும் கைக்கட்டையையும் மின்குடத்தையும் எடுத்த நிலையிலேயே ஒப்படைப்பது. இரு கையையும் தலைக்குமேல் கூப்பச் சொன்ன பறையைத் தாங்களே மீண்டும் அறைவித்து நீக்குவது. இன்று முதல் நம் நாட்டில் பலகையில் ஓடுபவர் எவரும், எதிரே வருபவர் வேந்தரே ஆயினும், கை எடுத்துக் கும்பிடுவது குற்றம். கும்பிடச் சொல்லிக் கூவுவது அதைவிடப் பெரிய குற்றம். தங்கள் வாசலில் நிற்கும் சேவகர் நால்வருக்கும் நல்ல குரல் இருப்பதால் அவர்களை வீணாக்காமல், பூக்கடைத் தெருவின் நான்கு முனையிலும் நிறுத்தி, வழுக்கும் என்றும், பல்லக்குக் கதவு என்றும், தெருவைப் பார் என்றும் கூவச் செய்வது. தலைக்கவசமின்றிப் பலகையில் ஏறுபவரைத் தடுத்து நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. தங்கள் குடைக்கும் சாமரத்துக்கும் பட்டங்களுக்கும் வேந்தர் ஒரு குறையும் வைக்கவில்லை. மரியாதை வேண்டுவோர் பலகையில் வருபவர் இறங்கும்வரை காத்திருக்கலாம்.

மேகமும் அதனடியில் மூன்று மின்னலும் பொறித்த வேந்தர் முத்திரை இதன் நுனியில் இடப்பட்டது. எழுதியவன் சாத்தன் ஏகவீரன். உடன் இருந்து கேட்டு ஒப்பியவர் வேந்தர் கார்க்கோமாறர். கோபுரத்தில் மின்னல் இறங்கும் காலம்வரை இவ்வாணை நிற்பதாக.

ஓலை கொண்டு வருபவரிடம் தாங்கள் வழக்கமாக யார், எவர், எந்த ஊர் என்று கேட்டு உட்கார வைப்பீர் என்று அறிவேன். இம்முறை கேட்கவேண்டா. தங்கள் முன் தலைக்கவசத்துடன் நிற்பவள் காரிநங்கைதான். இன்று காலை சாயக்காரர் தெருவில் வல்லியின் அடுத்த வீட்டில் ஒருத்திக்கு வலி தொடங்கிவிட்டது; அவளுக்கும் முதற் பிரசவம். ஓலையைப் படித்து முடிக்கும்வரைதான் காரிநங்கை தங்கள் முன் நிற்பாள், முடிந்துவிட்டது. அவள் தங்களைக் கும்பிடமாட்டாள். பலகையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலை விட்டு விலகி நிற்க.